பார்தெல் ஸ்கோரைக் கூட்டிச் சராசரி எடுக்கலாமா? பக்கவாத ஆய்வு, கொஞ்சம் நீளமான கேள்வி

வைகைக்கரை
செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்பிடி (பிசியோதெரபி முதுநிலை) நரம்பியல் ரெண்டாம் வருஷம். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போனவங்களுக்கு ஆறு வாரம் வீட்டுப் பயிற்சி கொடுத்து, முன்னாடி ஒரு தடவை, முடிச்ச பிறகு ஒரு தடவை பார்தெல் இண்டெக்ஸ் (சாப்பிடறது, குளிக்கிறது மாதிரி பத்து அன்றாட வேலைக்கு மார்க், மொத்தம் 100) எடுத்திருக்கேன். நாற்பது சொச்சம் பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே பஸ்ஸில் போய், உட்கார்ந்து கேட்டு எடுத்தது.

கைடு சொன்னது ரொம்ப எளிது. பத்துக் கேள்வி மார்க்கையும் கூட்டு, முன் சராசரி பின் சராசரி எடு, பெயர்டு டி-டெஸ்ட் (ஒரே ஆட்களோட முன்-பின் சராசரியை ஒப்பிடற சோதனை) போடு, பி மதிப்பு (பலனே இல்லாட்டியும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) 0.05-க்குக் கீழ வந்தா எழுதி முடி. போட்டேன், வந்துச்சு. சந்தோஷப்பட்டிருக்கணும்.

ஆனா ரெண்டு பேரோட ஃபார்ம் என்னைத் தூங்க விடல. ஒரு தாத்தா, 40-லிருந்து 50. சாப்பாட்டுல 5 இருந்தது 10 ஆச்சு, மலம் கட்டுப்பாட்டுல 5 இருந்தது 10 ஆச்சு. இன்னொருத்தர் ஐம்பது வயசு அக்கா, 90-லிருந்து 100. குளியல் 0 இருந்தது 5, படி ஏறுறது 5 இருந்தது 10. அந்த அக்கா இப்ப தனியா மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப் போடுறாங்க. தாத்தா வீட்டுல மருமகள் இன்னும் ராத்திரி ரெண்டு தடவை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறாங்க. எக்செல் ஷீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே "10".

போன வாரம் டிபார்ட்மெண்ட் ரிவ்யூவில் ஒரு மேடம் கேட்டாங்க: "இந்த ஸ்கேல் எதை அளக்குது? 5 மார்க்னா எதுல 5?" எனக்குப் பதில் வரல. கிலோவா, சென்டிமீட்டரா, எதுவும் இல்ல. அப்ப நான் அளந்ததுதான் என்ன? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ். வைவாவுக்காக (வாய்மொழித் தேர்வு) மட்டும் கேக்கல.

டேட்டாமணி
செவ்வாய், இரவு 11:15

ரொம்பக் குழப்பிக்காதீங்க. பார்தெல் உலகம் முழுக்க ஏத்துக்கிட்ட ஸ்கேல். எல்லாரும் கூட்டித்தான் போடுறாங்க, ஜர்னல்களும் ஏத்துக்குது. சந்தேகமா இருந்தா டி-டெஸ்டுக்குப் பதிலா வில்காக்ஸன் (சராசரிக்குப் பதிலா வரிசையைப் பார்க்கிற சோதனை) போடுங்க, எந்த ரிவ்யூவரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

கணக்குப்புள்ளி
புதன், காலை 6:20

உங்கள் ரிவ்யூ மேடம் கேட்டதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. மருத்துவப் புள்ளியியலில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

காய்ச்சலை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பாதரசம் ஏறுவதைப் பார்க்கிறோம், அதிலிருந்து சூடு இவ்வளவு என்கிறோம். அதேபோல "அன்றாட வேலையில் பிறர் உதவி இல்லாமல் இருத்தல்" என்ற ஒன்றை நீங்கள் நேரில் பார்க்கவில்லை. சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, படி ஏறுகிறாரா என்ற பத்துச் செயல்களைப் பார்த்து, பின்னால் இருக்கும் ஒன்றை ஊகிக்கிறீர்கள். அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குத்தான் உள்ளுறை மாறி என்று பெயர். மனச்சோர்வு, வலி, களைப்பு, வாழ்க்கைத் தரம் எல்லாமே இந்த வகை. 1904-ல் ஸ்பியர்மன் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களுக்குப் பின்னால் ஒரு பொதுத்திறன் இருக்கிறது என்று கணக்குப் போட்டதிலிருந்து இந்த வழி தொடங்குகிறது.

பாதரசத்துக்கும் உங்கள் ஃபார்முக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. வெப்பமானியில் 37-லிருந்து 38-க்கும் 39-லிருந்து 40-க்கும் இடைவெளி ஒன்றே. அதைப் பல தலைமுறை ஆட்கள் உழைத்து நிறுவியிருக்கிறார்கள். பார்தெலில் அதை யாரும் நிறுவாமலே கூட்டத் தொடங்கிவிட்டோம். ஸ்டீவன்ஸ் 1946-ல் அளவுகளை நான்காகப் பிரித்தார்: பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம். ஓட்டப் பந்தயத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்பது வரிசை. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நடுவில் அரை நொடியா, அரை நிமிடமா என்று அது சொல்லாது. "உதவியோடு", "தனியாக" என்ற கட்டங்களும் வரிசைதான். அவற்றுக்கு 5, 10 என்று எண் வைத்ததால் மட்டும் இடைவெளி சமமாகிவிடாது.

இதனால் என்ன கெடும் என்று கேட்கலாம். சின்னக் கணக்கு ஒன்று. ஒரு குழுவில் இருவர், 50-ம் 50-ம். இன்னொரு குழுவில் இருவர், 5-ம் 90-ம். சராசரி 50, 47.5. முதல் குழு முன்னால். இப்போது 90 என்பது உண்மையில் இன்னும் தொலைவில் இருக்கிறது, நியாயமாக 120 என்று எழுத வேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய வரிசையும் மாறவில்லை. ஆனால் இரண்டாம் குழுவின் சராசரி 62.5 ஆகிவிட்டது. யார் முன்னால் என்ற முடிவே புரண்டுவிட்டது. வரிசை எண்ணில் சராசரி எடுத்தால் வரும் ஆபத்து இதுதான். மறுவாழ்வு மருத்துவத்துக்கு இந்த எச்சரிக்கையை மெர்பிட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1989-லேயே எழுதிவிட்டார்கள்.

உங்கள் தாத்தாவுக்கும் அக்காவுக்கும் வருகிறேன். டென்மார்க்கின் கணிதவியலாளர் ராஷ் 1960-ல் வெளியிட்ட மாதிரியில் ஆளும் கேள்வியும் ஒரே அளவுகோலில் நிற்கும். ஆளின் திறன் கேள்வியின் கடினத்தோடு சமமானால், அவர் அதைச் செய்யும் வாய்ப்பு 50 சதவீதம். அந்த அளவுகோலின் அலகுக்கு லாஜிட் என்று பெயர். ஒரு லாஜிட் மேலே நின்றால் சுமார் 73, இரண்டு லாஜிட் மேலே நின்றால் சுமார் 88. இந்த அளவுகோலில் மொத்த மதிப்பெண்ணை வைத்து வரைந்தால் நேர்கோடு வராது. நடுவில் செங்குத்தாக ஏறி, இரு நுனியிலும் படுத்துவிடும். நடுவில் 10 மதிப்பெண் என்பது சிறிய தொலைவு, நுனியில் அதே 10 பெரிய தொலைவு. 100 தொட்டவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் அங்கே அளவுகோல் முடிந்துவிட்டது. அந்த இரண்டு "10"-ம் ஒன்றல்ல என்று உங்கள் மனதில் பட்டது சரிதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நாற்பது பேரை வைத்து நீங்களே ராஷ் பகுப்பாய்வு செய்யாதீர்கள். பல மட்டங்கள் உள்ள ஸ்கேலுக்கு அந்த எண்ணிக்கை போதாது.

டேட்டாமணி சொன்ன வில்காக்ஸன் பற்றியும் ஒரு வார்த்தை. முன்-பின் வில்காக்ஸன், வித்தியாசங்களையே பெரிது சிறிது என்று வரிசைப்படுத்துகிறது. "இவருடைய 10 அவருடைய 5-ஐ விடப் பெரிது" என்று சொல்ல முடிந்தால்தானே அந்த வரிசை? அந்த இடத்தில்தான் நமக்குச் சந்தேகமே. ஆகவே அது தப்பிக்கும் வழி அல்ல. ஏறியவர் எத்தனை பேர், இறங்கியவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணும் குறிச் சோதனை இதைவிட நேர்மையானது.

வைகைக்கரை
புதன், மதியம் 1:05

சார், ரெண்டு தடவை படிச்சேன். அந்த 5-ம் 90-ம் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்ததும் திக்குன்னு ஆச்சு. எங்க கிளாஸில் இதை யாரும் இப்படிச் சொல்லித் தரல.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, என் டேட்டாவில் க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு காட்டற எண்) 0.9-க்கு மேல வந்திருக்கு. அப்படின்னா பத்தும் ஒரே விஷயத்தைத்தான் அளக்குதுன்னு அர்த்தம் இல்லையா? ரெண்டு, 5, 10, 15-ன்னு வெயிட் வெச்சது யார், எதை வெச்சு வெச்சாங்க?

பிஎச்க்யூ-9-ம் எடுத்திருக்கேன், மனச்சோர்வுக்கு. அதையும் கூட்டித்தான் வெச்சிருக்கேன்.

பழைய_வார்டு
புதன், இரவு 9:30

அம்மா, உங்க ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். மறுவாழ்வு மருத்துவத்தில் முப்பது வருஷத்துக்கு மேல இருக்கேன்.

பார்தெல் யாருன்னு தெரியுமா? டொரதியா பார்தெல், உங்களை மாதிரி ஒரு பிசியோதெரபிஸ்ட். அவங்களும் ஃப்ளாரன்ஸ் மஹோனின்னு ஒரு டாக்டரும் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் நாட்பட்ட நோயாளிகளைப் பார்த்துட்டிருந்தாங்க. 1965-ல் அந்த மாநில மருத்துவ இதழில் இதை வெளியிட்டாங்க. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு உடல் உதவி தேவைப்படுதுங்கறதைப் பார்த்துத்தான் வெயிட் வெச்சாங்க. நோயாளி உள்ளே இருக்கிற ஏதோ ஒரு குணத்தை அளக்கக் கிளம்பினவங்க இல்ல. பார்த்துக்கிறவங்க முதுகுல எவ்வளவு பாரம்னு கேட்டவங்க. உங்க தாத்தா வீட்டு மருமகளைப் பத்தின கேள்வி அது.

அந்தக் கட்டுரையிலேயே ஒரு எச்சரிக்கை இருக்கு. 100 வாங்கினவர் தனியா வாழ்ந்துடுவார்னு அர்த்தமில்ல. சமைக்க முடியாம இருக்கலாம், வீட்டைப் பார்த்துக்க முடியாம இருக்கலாம், வெளியாட்களோட பழக முடியாம இருக்கலாம். கூடவே ஒரு ஆள் நிக்க வேண்டாம், அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல எத்தனை தீசிஸில் "பார்தெல் 100, முழுக் குணம்"னு படிச்சிருக்கேன் தெரியுமா? மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்திருந்தா எழுதியிருக்க மாட்டாங்க.

அதனால கணக்குப்புள்ளி சார் கிட்ட எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. எல்லா மொத்த ஸ்கோருக்குப் பின்னாடியும் ஒரு உள்ளுறை மாறி இருந்தே ஆகணுமா? வர்ஜீனியா ஆப்கர் 1953-ல் வெளியிட்ட ஸ்கோரைப் பாருங்க. பிறந்த குழந்தையோட இதயத் துடிப்பு, மூச்சு, தசை விறைப்பு, தூண்டினா வர்ற எதிர்வினை, நிறம். ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 2. அந்த அஞ்சும் ஒட்டி வரணும்னு அவங்க எதிர்பார்க்கல. குழந்தைக்கு உடனே கை கொடுக்கணுமான்னு தெரிஞ்சா போதும். அங்க ஆல்ஃபா பார்க்கிறதே தப்பு. காய்ச்சல் வந்தா உடம்பு சுடும், நாக்கு வறளும், தலை வலிக்கும். பின்னாடி ஒண்ணு இருந்து முன்னாடி பல வருது. ஆனா குடும்பத்துக்கு வருமானம் வர்றது, வயல், கடை, பென்ஷன்னு பல இடத்திலிருந்து. பல சேர்ந்துதான் ஒண்ணு ஆகுது. வயல் விளைஞ்சா பென்ஷன் ஏறணும்னு கட்டாயமா? பார்தெல் இதுல எந்த வகை? எனக்கு ரெண்டாவது வகைன்னுதான் தோணுது.

இன்னொண்ணும் கேக்கணும். உங்க ஆய்வுல ஒப்பிடறதுக்கு வேற குழு இருக்கா? பக்கவாதத்தில் முதல் மூணு மாசத்துல தானாவே நிறைய மீட்சி வரும். ஸ்கேல் எவ்வளவு நல்லதா இருந்தாலும், பயிற்சி கொடுத்த பலன் எது, காலம் கொடுத்தது எதுன்னு அது பிரிச்சுச் சொல்லாது. இதை எழுத்துல ஒத்துக்கிட்டு எழுதுங்க.

கணக்குப்புள்ளி
வியாழன், காலை 6:45

டாக்டர் ஐயா, வருமான உவமை என்னை யோசிக்க வைத்தது. பார்தெலைச் சுமையின் கணக்காகப் பார்த்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் "என் பயிற்சியால் நோயாளியின் திறன் கூடியது" என்று எழுதும் நொடியில், ஆய்வாளர் உள்ளே ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். சொன்னபின் அதைச் சோதித்துக் காட்டும் கடமையும் வந்துவிடுகிறது. பயிற்சியாளர் வைகைக்கரை எதைச் சொல்லப் போகிறார் என்று முதலில் முடிவு செய்யட்டும்.

சோதித்தவர்கள் கண்டது ஒன்றைச் சொல்கிறேன். ஃபிம் என்ற, அன்றாடச் செயல்பாட்டை அளக்கும் 18 கேள்வி ஸ்கேல், மொத்தம் 18 முதல் 126. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது வழக்கம். லினாக்கர் குழு 1994-ல் பிரித்துப் பார்த்தபோது 13 உடல் இயக்கக் கேள்விகள் ஒரு பக்கமும் 5 அறிவாற்றல் கேள்விகள் ஒரு பக்கமும் பிரிந்து நின்றன. இரண்டு வேறு அளவுகோல்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தோம்.

ஆல்ஃபா பற்றி: அது கேள்விகள் சேர்ந்து அசைவதைச் சொல்லும், ஒரே பொருளை அளப்பதைச் சொல்லாது. இரண்டு தனித்தனிப் பொருள்களை அளக்கும் கேள்விகளைக் கலந்தாலும் எண்ணிக்கை கூடினால் ஆல்ஃபா ஏறும். நம்பகத்தன்மை 0.70 உள்ள ஸ்கேலில் கேள்விகளை அதே தரத்தில் இரட்டித்தால் 0.82 ஆகிவிடும், புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்காமலே. மேலும் 0.9 என்றால் ஒரு தனி ஆளுக்குத் துல்லியம் என்று நினைக்க வேண்டாம். மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் உள்ள சிதறல்) 10 என்றால், நம்பகத்தன்மை 0.9-லும் அளவைப் பிழை 3.2 அளவில் இருக்கும். ஓர் ஆளின் முன்-பின் மாற்றம் 9-ஐ நெருங்கினால்தான் அது வெறும் ஆட்டம் அல்ல என்று ஓரளவு நம்பலாம்.

யாழ்தாதி
வியாழன், இரவு 8:10

வைகைக்கரை தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில தாதியா இருக்கிறன். நீங்கள் கணக்கிலயே நிண்டு யோசிக்கிறீங்கள். கேள்வி கேக்கிற இடத்திலயே ஒரு பிழை இருக்குது, அதையும் பாருங்கோ.

பார்தெலில சாப்பாட்டுக் கேள்விக்கு 5 எண்டா என்ன எழுதியிருக்குது? வெட்டுறதுக்கு, பாணுக்கு பட்டர் பூசுறதுக்கு உதவி வேணும் எண்டு. எங்கட சனம் சோறு குழைச்சுக் கையால சாப்பிடுற ஆக்கள். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்திட்டுது. இடக்கை நல்ல பலம். கரண்டி குடுத்தா சாப்பிட ஏலும். ஆனா "இடக்கையால சாப்பிடுறதோ" எண்டு அவ தொடவே மாட்டா. மகள்தான் ஊட்டி விடுறா. அதே அளவு பலவீனம் இடப்பக்கம் வந்த ஐயா தன்ர பாட்டில சாப்பிடுறார். ரெண்டு பேரின்ர உடம்பும் ஒரே அளவுதான், புள்ளி மட்டும் வேற. இந்த ஸ்கேலுக்கு பிறகு வந்த வழிகாட்டியில தெளிவாச் சொல்லியிருக்குது: நோயாளி என்ன செய்யிறார் எண்டதை எழுது, என்ன செய்ய ஏலும் எண்டதை எழுதாதே எண்டு. அதுப்படி அம்மாவுக்கு 0 தான். அவவின்ர கை கொஞ்சம் தேறினாலும், மகள் ஊட்டுற வரைக்கும் அந்த 0 மாறாது.

படி ஏறுற கேள்வியும் அப்பிடித்தான். வீட்டில மாடி இல்லாத ஆளிட்ட "ஏறுவீங்களோ" எண்டு கேட்டா, "ஏன் ஏறுவான்" எண்டுதான் சொல்லுவினம். மலசலகூடமும் குந்தி இருக்கிறதா, கொமோட்டா எண்டு பாக்காமல் புள்ளி போட்டா என்ன பிரயோசனம்?

மொழியைப் பற்றியும் ஒண்டு. தமிழ்நாட்டில மொழிபெயர்த்த ஒரு மனநிலைக் கேள்வித்தாளை இஞ்ச பாவிச்சுப் பாத்தனாங்கள். அதில "யோசிப்பதில் சிரமம் உள்ளதா" எண்டு ஒரு கேள்வி, கவனம் நிக்குதோ எண்டதுக்காக. எங்கட ஊரில "ஒரே யோசினையா இருக்கு" எண்டா கவலையா இருக்கு எண்டு அர்த்தம். "யோசியாதேங்கோ" எண்டுதான் ஆறுதலே சொல்லுவம். வந்த ஆக்கள் கவலையைப் பற்றியெல்லாம் மறுமொழி சொல்லிப்போட்டுப் போச்சினம். தமிழ் ஒண்டுதான், ஆனா கேள்வி ரெண்டாப் போச்சுது. அதே தாளில "மன அழுத்தம்" எண்டு ஒரு சொல்லும் இருந்தது. ஒருத்தர் வேலைப்பளுவை நினைச்சார், ஒருத்தர் மனச்சோர்வை நினைச்சார்.

கணக்குப்புள்ளி
வியாழன், இரவு 8:55

யாழ்தாதி அக்கா சொன்ன வலக்கை அம்மா உதாரணத்தை நான் இனிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் சொல்லப் போகிறேன், அனுமதி தாருங்கள். திறன் ஒன்றாக இருந்தும் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதால் ஒரு கேள்விக்கு வரும் பதில் மாறினால், அந்தக் கேள்வி சாய்ந்து நிற்கிறது. ஆங்கில இலக்கியத்தில் இதற்கு எப்போதும் காட்டும் உதாரணம் சிஇஎஸ்-டி என்ற 1977 மனச்சோர்வு ஸ்கேலில் வரும் அழுகைக் கேள்வி. சோர்வு ஒரே அளவு இருந்தாலும் பெண்கள் "அழுதேன்" என்று கூடுதலாகச் சொல்வார்கள். நம் சாப்பாட்டுக் கை அதைவிடத் தெளிவான உதாரணம்.

களப்பணி_மனநலம்
வெள்ளி, காலை 11:20

பிஎச்க்யூ-9 பத்தி எழுதுறேன். வைகைக்கரை மேடம், இதை இன்னைக்கே படிச்சிடுங்க.

ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணும் 0 முதல் 3, மொத்தம் 27. 2001-ல் வெளிவந்தது. 10-ஓ அதுக்கு மேலயோ வந்தா மனச்சோர்வு இருக்கலாம்னு மேற்கொண்டு பார்க்கச் சொல்வாங்க. அதுல தூக்கம், களைப்பு, பசி, அசைவு மந்தமாறதுன்னு நாலு கேள்வி இருக்கு. பக்கவாதம் வந்தவருக்கு இந்த நாலும் மூளைப் பாதிப்பாலேயே வரலாம். நாலுக்கும் 3 போட்டா 12. மனசுல ஒரு சோர்வும் இல்லாம ஒருத்தர் 10-ஐத் தாண்டிடலாம். ஹாமில்டன் மனச்சோர்வு ஸ்கேலும் இப்படித்தான். 17 கேள்வி, மொத்தம் 52, அதுல மூணு கேள்வி தூக்கத்துக்கு, 6 மார்க். தூக்கம் வர வைக்கிற மருந்து கொடுத்தாலே மனச்சோர்வு மார்க் இறங்கும். மனசு தேறுச்சா, தூக்கம் வந்துச்சா? மொத்த எண் சொல்லாது.

சில கேள்வி ஒரே மூச்சுல ரெண்டு கேக்கும். பசி இல்லையா, அல்லது அதிகமா சாப்பிடறீங்களா? ரெண்டுக்கும் ஒரே கட்டம். "ஆமா"ன்னு சொன்னவர் எதுக்குச் சொன்னார்னு பக்கத்துல எழுதி வெச்சாத்தான் உண்டு.

இதெல்லாம் பிறகு. முதல்ல ஒன்பதாவது கேள்வியைப் பாருங்க. செத்துப் போயிட்டா பரவாயில்லைங்கற நினைப்பு, தன்னைத் தானே காயப்படுத்திக்கிற நினைப்பு பத்தினது. அதுல 1 வந்தாக்கூட அதை மத்ததோட கூட்டி மறந்துடக் கூடாது. மொத்தம் 4 இருந்தாலும் சரி. உங்க ஃபார்ம்ல யாராவது 0-க்கு மேல சொல்லியிருக்காங்களா? இருந்தா அவங்க வீட்டுக்குத் திரும்பப் போங்க, மனநல மருத்துவர்கிட்ட சேருங்க. அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416-ல் தமிழில் பேசலாம்.

டேட்டாமணி
வெள்ளி, மதியம் 3:40

ஒன்பதாவது கேள்வி விஷயத்தை முழுசா ஏத்துக்கறேன். ஆனா கூட்டல் விஷயத்துல எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்லணும். ஜெஃப் நார்மன் 2010-ல் எழுதினதைப் படிச்சிருக்கேன். லிக்கர்ட் வகை (0, 1, 2, 3-ன்னு படிப்படியா பதில் கட்டம் உள்ள) டேட்டாவில் டி-டெஸ்ட், கோரிலேஷன் எல்லாம் பெரிசா தப்பு பண்றதில்லைன்னு காட்டியிருக்கார். கூட்டின ஸ்கோருக்கும் ராஷ் அளவுக்கும் உறவும் ரொம்ப நெருக்கமாத்தான் வரும். அப்புறம் இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஒரு மாணவிக்கு ஆறு மாசத்துல தீசிஸ் முடிக்கணும். எல்லாரும் ராஷ் பண்ண முடியுமா?

கணக்குப்புள்ளி
வெள்ளி, இரவு 9:15

நியாயமான எதிர்வாதம். எண்கள் எங்கிருந்து வந்தன என்று எண்களுக்குத் தெரியாது என்ற பொருளில் லார்ட் 1953-லேயே எழுதினார். டி-டெஸ்டின் பி மதிப்பு அந்த எண்களைப் பற்றிச் சரியாகவே பேசும். நார்மன் காட்டுவதும் அதுதான். ஆனால் நாம் எண்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆய்வு செய்யவில்லை. தாத்தாவைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் தெரிந்துகொள்ளச் செய்கிறோம். எண்ணிலிருந்து ஆளுக்குத் தாண்டும் அந்த அடி எந்தச் சோதனையின் உள்ளேயும் இல்லை.

உறவு நெருக்கம் என்பதும் உண்மை. ஆனால் அந்த நெருக்கம் நடுவில் இருப்பவர்களால் வருவது, விலகல் நுனிகளில். வீட்டுக்குப் போய்விட்ட பக்கவாத நோயாளிகளில் பலர் மேல் நுனியில்தான் இருப்பார்கள். அளவுகோல் மிக மோசமாக வேலை செய்யும் இடத்தில் நம் ஆட்கள் நிற்கிறார்கள்.

எல்லாரும் ராஷ் செய்ய வேண்டாம். கூட்டுவதற்கு முன் கேள்வி கேள்வியாகப் பார்த்தால் போதும், அதற்குப் பென்சிலும் ஒரு மாலைப் பொழுதும் வேண்டும். ஒரே 60-ஐ எழுதிப் பாருங்கள். ஒருவர் தானாக நடக்கிறார், படியும் தனியாக ஏறுகிறார், ஆனால் மலம், சிறுநீர் இரண்டிலும் 0. இன்னொருவருக்கு இரண்டும் முழுக் கட்டுப்பாடு, ஆனால் சக்கர நாற்காலியில்தான் தானாக நகர்கிறார், படிக்கு 0. மற்றக் கேள்விகளைச் சமமாக வைத்தால் இருவருக்கும் மொத்தம் 60 வரலாம். இருவருக்கும் ஒரே பயிற்சியைப் பரிந்துரைப்பீர்களா?

வைகைக்கரை
ஞாயிறு, மாலை 5:50

மன்னிக்கணும், ரெண்டு நாள் இந்தப் பக்கம் வரல. காரணம் சொல்றேன்.

வெள்ளிக்கிழமை களப்பணி மேடம் எழுதினதைப் படிச்சதும் பிஎச்க்யூ ஃபார்ம் எல்லாத்தையும் தரையில் பரப்பி ஒன்பதாவது கட்டத்தை மட்டும் பார்த்தேன். ஒருத்தர் 1 போட்டிருந்தார். மொத்தம் 6. "லேசான அளவு"ன்னு நானே ஓரத்துல எழுதி வெச்சிருக்கேன். கையெழுத்து என்னோடதுதான், ஆனா அதை எழுதின ஞாபகமே இல்ல. சனிக்கிழமை காலையில அவர் வீட்டுக்குப் போனேன். முதல்ல பயிற்சியைப் பத்தித்தான் பேசினார். அவர் மனைவி டீ போட உள்ளே போனதும், "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது"ன்னு கேட்டார். அவர் மகன் கிட்டயும் பேசி, அன்னைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வெச்சாச்சு. இப்ப கூட ஆள் இருக்காங்க.

கைடு கிட்டயும் எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அட்டவணையை மாத்து, நான் கையெழுத்துப் போடறேன்"னார்.

இப்ப செஞ்சிருக்கிறது: பத்துக் கேள்விக்கும் தனித்தனி வரிசை. ஒவ்வொண்ணிலும் மேல போனவங்க, அப்படியே இருந்தவங்க, கீழ போனவங்க எத்தனை பேர். மொத்த ஸ்கோரின் சராசரியை நீக்கிட்டு, நடு மதிப்பும் வீச்சும் மட்டும் வெச்சேன். ஆரம்பத்துலேயே 100 இருந்தவங்க எத்தனை பேர்னு தனியா ஒரு வரி. ஒப்பீட்டுக் குழு இல்லைங்கறதை முடிவுரையோட முதல் பத்தியிலேயே எழுதிட்டேன், பழைய வார்டு ஐயா சொன்ன மாதிரி. "திறன் கூடியது"ங்கற வாக்கியத்தை எடுத்துட்டு, "இந்த வேலைகளில் உதவி தேவைப்பட்டவர் எண்ணிக்கை குறைந்தது"ன்னு மாத்தினேன்.

அட்டவணை போட்டதும் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. சாப்பாட்டுக் கேள்வியில் அசையாம நின்னவங்களைத் தனியா எடுத்தா, பெரும்பாலும் வலப்பக்கம் விழுந்தவங்க. யாழ்தாதி அக்கா எழுதலைன்னா அந்த வரிசையையே நான் பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டேன். ஆனா இப்ப அதை எப்படி எழுதறது? பயிற்சி பலன் தரலன்னா? கை தேறியிருக்கு, ஆனா சாப்பிடலன்னா?

பழைய_வார்டு
ஞாயிறு, இரவு 7:30

அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனீங்களே, அது போதும்மா. மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

உங்க கேள்விக்கு: சின்ன எண்ணிக்கை, அதனால பலன் இருக்கு இல்லன்னு சொல்லாதீங்க. பார்த்ததை அப்படியே எழுதுங்க. பக்கவாரியா பிரிச்ச அட்டவணையைப் போடுங்க. நான் வைவாவுக்கு வந்தா முதல்ல அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன்.

யாழ்தாதி
ஞாயிறு, இரவு 9:05

தங்கச்சி, இன்னொருக்கா அந்த வீடுகளுக்குப் போக ஏலுமெண்டா, வலப்பக்கம் விழுந்த ஆக்களிட்ட மட்டும் போங்கோ. தாளில ரெண்டு கட்டம் கீறுங்கோ. ஒண்டில "செய்ய ஏலும்", மற்றதில "செய்யிறார்". முதல் கட்டத்துக்குக் கரண்டியும் கொஞ்சம் குழைச்ச சோறும் வைச்சு, மகளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லி, இடக்கையாலயும் வலக்கையாலயும் செய்விச்சுப் பாருங்கோ. ரெண்டாம் கட்டத்துக்கு நேற்று ராச்சாப்பாடு ஆர் ஊட்டினது எண்டு கேளுங்கோ. சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கோ, பின்னேரம் போனா சரிவராது.

வைகைக்கரை
ஞாயிறு, இரவு 9:20

சரிக்கா. புதன்கிழமை மதியம் முதல் வீடு. அந்த 40-லிருந்து 50 வந்த தாத்தா வீடுதான், அவருக்கும் வலப்பக்கம். அவரோட 5-ம் 10-ம் யார் ஊட்டி வந்த மார்க்னு இதுவரைக்கும் நான் அந்த மருமகள் கிட்டக் கேட்டதே இல்ல.